காக்கப்பட்டவரின் கடன்

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில் காவலூர் என்று ஓர் ஊர். பெயரிலேயே காவல் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வானியல் ஆய்வகத்தால் பழக்கம். விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய அந்த ஆய்வகத்தில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இரவில் கண்விழித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜவ்வாது மலையில் குடியிருப்பவர்களுக்கு இரவு என்றால் வானத்தைவிடத் தரைதான் முதலில் நினைவுக்கு வரும். பாயை உதறிப் போட்டோமா, விறகுக் கட்டு சுவரோரம் கிடக்கிறதா, பிள்ளையின் கால் போர்வைக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் நுழையும். நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், வண்டி கிடைக்குமா, ஓடையைக் கடக்க முடியுமா என்ற கவலை காய்ச்சலைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

அப்படிப்பட்ட ஓர் இரவு ஒன்றும் நடக்காமல் விடியும்போது, வாசலுக்கு வருகிற பெண்ணின் வாயில் முதலில் வருவது நன்றிதான். எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிற வீடானாலும் அப்படித்தான். மலையில் சிறு எண்ணிக்கையில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த நன்றிக்கு 'ஸ்தோத்திரம்' என்று பெயர். சாமை விதைக்கப் போகும்போது ஒரு ஸ்தோத்திரம். புளி உலுக்க மரமேறிய கணவர் பத்திரமாகக் கீழே இறங்கினால் ஒரு ஸ்தோத்திரம். மலை வளைவுகளைக் கடந்து பஸ் திருப்பத்தூரிலோ போளூரிலோ போய் நின்றால் இன்னொன்று.

சமவெளியில் இதே சொல் பல வீடுகளில் வாய்ப்பழக்கமாகத் தேய்ந்துபோனது. போனை எடுத்தால் ஸ்தோத்திரம், வைத்தால் ஸ்தோத்திரம். எதற்காகச் சொன்னோம் என்று கேட்டால் பதில் வராது. மலையில் கேட்டால் வரும். நேற்று ராத்திரி எது நடந்திருக்கக்கூடும், எது நடக்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சாட்சி நேரத்தில் ஒரு நெருடல்

தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில் ஆராதனையின் நடுவே 'சாட்சி' சொல்லும் வழக்கம் உண்டு. பைக் சறுக்கியும் சிராய்ப்போடு தப்பியவர் எழுந்து நிற்பார். கேஸ் கசிந்ததை விடியற்காலையில் கண்டுபிடித்த அம்மா சொல்வார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த தாத்தாவுக்காகப் பேரன் சொல்வான். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஊரே கூடி, ஆண்டு முழுவதும் காத்த தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் புத்தாண்டுக்குரிய வாக்குத்தத்த வசனத்தைக் கையில் வாங்கும்.

அழகான வழக்கம். நடந்ததையெல்லாம் நம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழக்குகிறது. பயத்தை மனசுக்குள்ளேயே புதைக்காமல் நாலு பேர் முன்னால் இறக்கி வைக்க உதவுகிறது. ஆனால், அதே பெஞ்சில் அதே வாரம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உட்கார்ந்திருந்தால்? 'ஆண்டவர் என்னைக் காத்தார்' என்று ஒருவர் சொல்லி முடிக்கும்போது, 'அப்படியானால் என் பிள்ளையை?' என்ற கேள்வி அவளுக்குள் எழாமல் இருக்குமா?

மலை இந்தக் கேள்வியைத் தப்பிக்க முடியாதபடி முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

2022 ஏப்ரல் 2. திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் புலியூர் கிராமத்து மக்கள் செம்பரை மலைக்கோயிலுக்கு வேனில் போனார்கள். வழியில் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள். சினிமாவுக்கோ சுற்றுலாவுக்கோ போனவர்கள் இல்லை அவர்கள். சாமி கும்பிடப் போனவர்கள்.

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கத்தில் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாத மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஓரளவுக்கு மேல் போக முடியவில்லை. குழந்தையின் உடலைக் கையில் ஏந்தியபடி தாய் பல கிலோமீட்டர் தூரம் மலைப்பாதையில் நடந்தாள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவு அதே மலையில் வேறு எத்தனையோ பிள்ளைகள் பத்திரமாகத் தூங்கி எழுந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், அந்த நடந்துபோன தாய் காதில் விழுந்தாலும் கூசாத மாதிரி எப்படிச் சொல்வது?

தீவுக்காரர்கள் செய்த இரண்டு தவறுகள்

வேதாகமத்தில் பாம்புக்கடிச் சம்பவம் ஒன்று இருக்கிறது. அப்போஸ்தலருடைய நடபடிகள் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் வருகிறது. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல், கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரை ஏறுகிறார். இன்றைய மால்டா என்று பொதுவாகச் சொல்லப்படும் இடம். மழை, குளிர். தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். பவுலும் சும்மா இருக்கவில்லை. சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து போடுகிறார். சூடு பட்டதும் சுள்ளிக்குள்ளிருந்த விரியன் வெளியே வந்து அவர் கையைக் கவ்வுகிறது.

பார்த்தவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இவன் கொலைகாரன், கடலில் தப்பினாலும் தெய்வ நீதி விடவில்லை என்றார்கள். பவுல் பாம்பை நெருப்பில் உதறினார். வீங்கிச் செத்து விழுவார் என்று வெகுநேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதே வாய்கள் இவர் ஒரு தெய்வம் என்றன.

இரண்டுமே தவறு. கடிபட்டதால் அவர் பாவியும் இல்லை, பிழைத்ததால் தெய்வமும் இல்லை. இன்றும் விபத்துச் செய்தி வந்தால், 'என்ன பாவம் செய்தார்களோ' என்று ஒரு குரல் கேட்கிறது. ஒருவர் தப்பித்தால், 'அவருடைய விசுவாசம் அப்படி' என்று இன்னொரு குரல். முதல் குரல் இறந்தவரை மறுபடி அடிக்கிறது. இரண்டாவது குரல் தப்பியவரைப் புகழ்கிற மாதிரி இருந்தாலும், தப்பாதவரைச் சொல்லாமல் சொல்லி அடிக்கிறது.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தியை அவர் எடுத்துப் பேசியதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அந்த 18 பேர் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கேட்டவர்களை அவரவர் வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளும் பக்கம் திருப்பினார்.

பவுலின் கதையில் அடுத்து நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. விஷத்திலிருந்து தப்பியவர், அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டு நெருப்போரம் உட்கார்ந்துவிடவில்லை. அந்தத் தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பன் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் படுத்திருப்பதை அறிந்து, அவன் படுக்கைக்கே போனார். ஜெபித்தார், கை வைத்தார். அதன் பிறகு தீவிலிருந்த மற்ற நோயாளிகளும் அவரைத் தேடி வந்தார்கள். காக்கப்பட்ட கை, அடுத்தவர் படுக்கையைத் தேடிப் போனது. அவர் தந்த சாட்சி அதுதான்.

உறங்காதவரின் ஆட்கள்

பயணம் புறப்படும் முன் கிறிஸ்தவ வீடுகளில் அதிகமாக வாசிக்கப்படுவது 121-ம் சங்கீதம். 8 வசனங்கள்தான். எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்ரீகர்களோடு இணைத்துச் சொல்லப்படும் ஆரோகணப் பாடல்களில் ஒன்று. எபிரெய மூலத்தில் காத்தல் என்ற பொருள்படும் சொல் அந்தச் சிறு பாட்டுக்குள் 6 முறை வருகிறது. அந்தக் காவலர் தூங்குவதில்லை என்பது பாட்டின் மையம்.

தூங்காத கடவுள் எப்படிக் காக்கிறார்? பல நேரம், தூங்காத மனிதர்களைக் கொண்டு. மலையில் பாம்புக்கடிபட்ட ஒரு பிள்ளை பிழைத்தால், அந்தப் பிழைப்பின் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி இவர்கள் கையால் வந்தது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோதுதான் நாட்டில் பலரும் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததை உலரவைத்துத் தூளாக்கிச் சிறு குப்பியில் அடைக்கிறார்கள். தூளாக இருப்பதால் குளிர்பதன வசதி குறைந்த இடத்துக்கும் கொண்டுபோகலாம். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். குப்பியை உடைத்து மருந்தைக் கரைத்து ஏற்றுகிற நர்ஸ், ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவையின் டிரைவர் வளைவுகளில் வண்டியை நிதானமாக ஓட்டி வந்திருக்கிறார். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தால், வெண்டிலேட்டர் பக்கத்தில் பல நாட்கள் இரவும் பகலும் யாரோ கண்விழித்திருக்கிறார்கள்.

இவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு, எந்த நம்பிக்கையும் இல்லாதவரும் உண்டு. கடவுள் காத்தார் என்று சொல்லும்போது இத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் அது நன்றி மறந்த நன்றி ஆகிவிடும்.

பவுலின் கப்பல் கதையிலேயே இதற்கும் ஆதாரம் உண்டு. யாருக்கும் உயிர்ச்சேதம் வராது என்ற வாக்கு அவருக்குக் கிடைத்திருந்தது. ஆனாலும் மாலுமிகள் படகில் ஏறி நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் மற்றவர்கள் தப்ப முடியாது என்று படைத்தலைவனை எச்சரித்தவர் பவுல்தான். கடவுளின் வாக்கு இருந்தது, மாலுமியின் கையும் தேவைப்பட்டது. அன்றைக்கு 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

காவலை நன்றியோடு நிறுத்திக்கொள்ளாமல் கடனாக எடுத்துக்கொண்ட ஒருவரை, ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் நன்றாக அறியும். ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-ல் பிறந்தவர். தகப்பனார் ஜான் ஸ்கடர் மிஷனரி மருத்துவர். அமெரிக்காவில் படித்து முடித்த இளம்பெண், உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தார். இங்கேயே தங்குகிற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது.

ஒரே இரவில் மூன்று பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் வந்து பார்ப்பார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவில் ஐடாவுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. பத்திரமான வீடு, மருத்துவரான அப்பா, ஊருக்குத் திரும்பிப் போக வழி, எல்லாம் இருந்தது. நம்மை ஆண்டவர் நல்ல நிலையில் வைத்திருக்கிறார் என்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். கப்பல் ஏறத்தான் செய்தார், மருத்துவம் படிக்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் திரும்பி, ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது. கிராமங்களுக்குப் போய்ச் சாலையோர மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவம் கற்றுத்தரும் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி., அப்படி வளர்ந்தது. ஜவ்வாது மலைப் பழங்குடி மக்களுக்கும் அதன் சமூக சுகாதாரப் பணி எட்டுகிறது.

மலையடிவாரத்துத் திருப்பத்தூரிலும் ஒரு சாட்சி உண்டு. 1921-ல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். கதர் உடுத்தி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவர்களை அழைத்தார்கள். இருவருக்குமே வசதியான வாழ்க்கைக்கு வழி இருந்தது. அந்த வசதியைக் கடவுள் தந்த பாதுகாப்பு என்று கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

ஸ்தோத்திரம் என்ன செய்ய வேண்டும்?

பெரிய மனிதர்கள் ஆஸ்பத்திரி கட்டுவார்கள், வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றும். மலை வீட்டிலும் டவுன் வீட்டிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடும் முன் கையையும் கொஞ்சம் அசைப்பது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை கனத்துத் தொங்குவது என்று ஆரம்பிக்கும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொள்வதும், இரவில் வெளியே போகும்போது டார்ச் எடுத்துக்கொள்வதும் எத்தனையோ உயிர்களைக் காக்கும். வீட்டில் எல்லோருக்கும் கட்டில் இல்லையென்றால், சபையிலோ சொந்தத்திலோ யாராவது ஒரு கட்டில் வாங்கித் தரலாம். ஸ்தோத்திரக் காணிக்கைக்கு அதைவிட நல்ல உருவம் எது?

இரண்டாவது, கடிபட்டால் என்ன செய்யக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பது. இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது. பிளேடால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தக்கூடாது. ஜெபம் வேண்டும்தான், ஆனால் வண்டியில் போய்க்கொண்டே ஜெபிக்கலாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, தைரியம் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. 2030-க்குள் இந்த இறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே கடிக்கிறது, எங்கே மருந்து இல்லை, எங்கே சாலை இல்லை என்ற கணக்கு வந்தால்தான் மருந்தும் சாலையும் போய்ச் சேரும். அந்தச் சாலைக்காகக் கிராம சபையில் எழுந்து பேசுவதும், மனுவில் கையெழுத்துப் போடுவதும் கூட சாட்சிதான்.

மூன்றாவது, கடவுளின் காவலைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது. ஆலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சங்கீதத்தையே எடுத்துச் சொன்னபோதும் இயேசு குதிக்கவில்லை. பைக்கின் முன்னால் 'இயேசு காக்கிறார்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிற தம்பிகளுக்கு, வீட்டில் இருக்கிற அக்காமார்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைவுபடுத்தலாம்.

நான்காவது, சாட்சி சொல்லும் விதம். தப்பித்த கதையைச் சொல்லும்போது, தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அண்ணனையும், விழித்திருந்த நர்ஸம்மாவையும், வண்டி ஓட்டியவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் வேறு மதத்தவராக இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள். தப்பாமல் போனவர் வீட்டார் எதிரே இருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இருந்தால், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு விளக்கம் எதுவும் தர வேண்டாம். ஏன் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாதபோது, கூட உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். யோபுவின் நண்பர்கள் மூவரும் 7 நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் தவறினார்கள்.

காப்பாற்றப்பட்டவருக்கு மிச்சமாகக் கிடைத்த நாட்கள் கணக்கில்லாமல் செலவழிக்கக் கிடைத்த பணம் இல்லை. யாருக்காகவோ செலவழிக்கச் சொல்லிக் கொடுத்துவைத்த பணம். யாருக்காக என்று தேடினால் தூரம் போக வேண்டியிருக்காது. அடுத்த தெருவில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தனியாக இருப்பாள். கீழ்வீட்டுப் பாட்டிக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் லாரி வரும் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரில் பெயர் எழுதும்போது, பின்பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் நீங்கள் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயர். திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். போகும்போது டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு போனாலும் போதும்.